ஜிடிஏ 6: கன்சோலா, பிசியா? டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வருடம் ஜூன் மாதம் 22,000 ரேண்ட் கொடுத்து ஒரு கேமிங் பிசி (ஆட்டங்களுக்கான கணினி) வாங்கினேன். ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற வீடியோ கேம் வரிசையின் அடுத்த ஆட்டம்) வருகிறது, அதை நல்ல தரத்தில் ஆட வேண்டும். காரணம் அவ்வளவுதான். இந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஜிடிஏ 6 தாராளமாக ஓடும் என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். அந்த ஆட்டம் பிசிக்கு வருகிறதா என்று ஒரு தடவைகூட நான் தேடிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து அதே பிசியை 14,500 ரேண்டுக்கு விற்றுவிட்டு பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோலை (டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்கினேன். அந்த மாற்றத்துக்குள் முகவரிச் சான்று, கணக்கின் நாடு, மின்சாரம், உத்தரவாதம் என்று ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அவுட்பில்டிங்கில் (பெரிய வீட்டின் வளாகத்தில் உள்ள சின்னக் கட்டடம்) வாடகைக்கு இருந்துகொண்டு, முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து இதற்கென எடுத்து வைத்திருக்கும் தம்பிகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பெட்டியை வாங்கிவிட்டு மற்றதை யோசித்ததால்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல்.

1. கடைக்குப் போகும் முன் தேதியைப் பாருங்கள்

ஆட்டத்தைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருக்கும் வெளியீட்டு நாள் 2026 நவம்பர் 19. முதலில் 2025 இலையுதிர்காலம் என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதன் பிறகுதான் இந்தத் தேதி. அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கு மட்டும். பிசிக்குத் தேதி எதுவும் அறிவிக்கவில்லை. 2025 மே மாதம் வந்த இரண்டாவது டிரெய்லரும் பிளேஸ்டேஷன் 5-ல் பதிவு செய்ததுதான்.

இந்த நிறுவனம் இதற்கு முன் என்ன செய்தது என்று பாருங்கள். ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பர் 17, பிசிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14. பத்தொன்பது மாத இடைவெளி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர் 26, பிசிக்கு 2019 நவம்பர் 5. அதிலும் ஒரு வருடத்துக்கு மேல். அந்த பிசி பதிப்பை அறிவித்ததே வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்புதான். என்ன கார்டு வேண்டும், எவ்வளவு ராம் வேண்டும் என்ற பட்டியல் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

ஆகவே இன்றைக்கு உங்களிடம் வந்து இந்த பிசியில் ஜிடிஏ 6 ஓடும் என்று யார் சொன்னாலும் அது ஊகம். அந்த ஊகத்துக்கு உங்கள் மூன்று மாதச் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.

நவம்பரிலேயே ஆட வேண்டும் என்றால் கன்சோல். ஒரு வருடமோ அதற்கு மேலோ பொறுக்க முடியும் என்றால் பிசி, அதுவும் இப்போது வாங்க வேண்டாம். இரண்டில் எது உங்கள் மனசு என்று முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

2. வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவுட்பில்டிங்குகளில் பெரும்பாலும் பெரிய வீட்டிலிருந்து ஒரு லைன் இழுத்து, தனியாக ஒரு பிரீபெய்டு துணை மீட்டர் வைத்திருப்பார்கள். கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினாலே ட்ரிப் ஆகும். வீட்டுக்காரரிடம் டிபி பெட்டியை (பிரேக்கர் சுவிட்சுகள் உள்ள பெட்டி) காட்டச் சொல்லி, உங்கள் அறைக்கு எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கார மாமா அரை மணி நேரம் நின்று, எந்த பிளக் எந்த சுவிட்சில் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். பிளேஸ்டேஷன் 5 பெரிய ஆட்டம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். ஒரு நடுத்தர கேமிங் பிசி திரையோடு சேர்த்து 450 வாட் வரை போகும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதத்துக்குக் கன்சோலுக்கு 18 யூனிட், பிசிக்கு 40 யூனிட். உங்கள் மீட்டரில் யூனிட் 3 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 54 ரேண்டுக்கும் 120 ரேண்டுக்கும் உள்ள வித்தியாசம். சீரிஸ் எஸ் இன்னும் குறைவு, 80 வாட்டுக்குள் முடித்துவிடும்.

லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) 2023-ல் இருந்த நிலைமையில் இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, பழுது என்று கரண்ட் போவது நிற்கவில்லை. போகும்போதைவிடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து. வோல்டேஜ் ஒரேயடியாக எகிறும். என் பிசியின் பவர் சப்ளை அப்படித்தான் போனது. உத்தரவாதத்தில் மாற்றித் தர மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சும்மா மல்டிபிளக் போதாது. முடிந்தால் யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். கன்சோலும் டிவியும் மட்டும் என்றால் சின்ன யுபிஎஸ் போதும், சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிடம் கிடைக்கும். பிசிக்கு அதைவிடப் பெரியது வேண்டும், விலையும் ஏறும். கரண்ட் போய்ப் போய் வரும் வாரத்தில் கன்சோலை ரெஸ்ட் மோடில் விடாதீர்கள். முழுக்க அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

3. மொத்தச் செலவைக் கூட்டுங்கள், பெட்டி விலையை மட்டும் பார்க்காதீர்கள்

கடையில் ஒட்டியிருக்கும் விலையில் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்ந்தே இருக்கும், அதில் பயமில்லை. கூட வருவதில்தான் பயம்.

கன்சோல் பக்கம்: பெட்டி, ஆட்டம், இரண்டாவது கண்ட்ரோலர் வேண்டுமானால் அது, ஆன்லைனில் ஆட மாதச் சந்தா. இந்தச் சந்தாவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜிடிஏ ஆன்லைனைக் கன்சோலில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் அல்லது எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் வேண்டும். பிசியில் அந்தச் செலவு கிடையாது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுபவர் என்றால் இந்தத் தொகை கணிசமாக ஏறும். கதையை மட்டும் ஆடுபவருக்குச் சந்தா தேவையில்லை.

பிசி பக்கம்: பெட்டி, திரை, கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன், வைஃபை இல்லாத மதர்போர்டாக இருந்தால் அதற்கு ஒரு அடாப்டர், விண்டோஸ் உரிமம். மலிவு விலைப் பெட்டிகளில் உரிமம் சேராமல் இருக்கும். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுவதும் ஏறியிருக்கிறது, ஆட்டங்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் கூடவே ஏறுகிறது. இந்த நேரத்தில் வராத ஆட்டத்துக்காக பிசி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்டத்துக்கு என்று தனியாக 1,500 முதல் 2,000 ரேண்ட் வரை ஒதுக்கி வையுங்கள். பெரிய புது ஆட்டங்கள் இங்கே ஆயிரம் ரேண்டைத் தாண்டித்தான் விற்கின்றன. பெட்டியை வாங்கிவிட்டு ஆட்டத்துக்குப் பணமில்லாமல் அடுத்த சம்பள நாளான 25ஆம் தேதிக்குக் காத்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

4. எந்தக் கன்சோல்

சீரிஸ் எஸ் விலை குறைவு. ஆனால் டிஸ்க் போட வழியில்லை, ராம் 10 ஜிபி, அடிப்படை மாடலில் சேமிப்பு 512 ஜிபி. அதிலும் கைக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி. ரெட் டெட் 2 பிசியில் 150 ஜிபி கேட்டது. ஜிடிஏ 6 அதைவிடச் சின்னதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு ஆட்டத்தோடு இன்னும் ஒன்றிரண்டு போட்டால் பெட்டி நிறைந்துவிடும். அதன் கூடுதல் சேமிப்புக்குத் தனி கார்டுதான் வாங்க வேண்டும், எந்த எஸ்எஸ்டியும் பொருந்தாது.

பிளேஸ்டேஷன் 5-ல் சாதாரண எம்.2 எஸ்எஸ்டி போடலாம். நான்காம் தலைமுறையாகவும், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடு) உள்ளதாகவும், நொடிக்கு 5,500 எம்பி வேகம் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். சோனி பரிந்துரைக்கும் அளவு அது. பழைய 2020 மாடலில் 825 ஜிபி, டிஸ்க் டிரைவ் உள்ள ஸ்லிம்மில் 1 டெராபைட்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் நல்ல பெட்டி, குறை சொல்ல எதுவுமில்லை. உங்கள் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நமக்கு விசா முடியும், ஊர் மாறும், பணத் தேவை வரும். டிஸ்கை விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். கணக்கில் வாங்கியதை விற்க முடியாது. ஸ்லிம் மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டினால் முதல் தடவை இணையம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிரைவ் சேர்ந்து வருவதில்லை.

இந்தியாவிலிருந்து வரும்போது வாங்கி வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வோல்டேஜ் பிரச்சினை இல்லை, இரண்டு நாட்டிலும் 230 தான். பிளக் மட்டும் மாறும், அதற்கு 8 என்ற எண் வடிவ முனை உள்ள கேபிள் இங்கேயே கிடைக்கிறது. ஆனால் பழுதானால் வாங்கிய நாட்டில்தான் உத்தரவாதம் கேட்க முடியும். விமான நிலையச் சுங்கத்திலும் வரம்புக்கு மேல் போனால் வரி. மிச்சமாகும் பணத்துக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

5. தாள்களைத் தயார் செய்யுங்கள்

ரொக்கமாகவோ வங்கி அட்டையிலோ வாங்கினால் தாள் எதுவும் வேண்டாம். ஸ்லிப்பை மட்டும் பத்திரப்படுத்துங்கள். பில் போடும் இடத்தில் தரும் ஸ்லிப் வெயிலில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுபோனால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். முதலில் பழுது பார்க்கத்தான் அனுப்புவோம் என்று கவுண்டரில் சொன்னால், மரியாதையாக இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். தனிநபரிடம் பழையது வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் அப்படி வாங்குவதாக இருந்தால் அவர் வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

லே-பை புதிதாக வந்தவர்களுக்கு நல்ல வழி. ஒரு முன்பணம் கட்டிப் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லி, மாதம் மாதம் கட்டி முடித்ததும் வாங்கிக்கொள்ளலாம். கடன் வரலாறு தேவையில்லை, வட்டி இல்லை. பாஸ்போர்ட்டும் உள்ளூர் போன் எண்ணும் பெரும்பாலும் போதும். எத்தனை மாதம், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஒப்பந்தத் தாளில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே சொல்லாத அபராதத்தைப் பிடிக்கக் கடைக்கு உரிமையில்லை.

கடனில் வாங்குவதென்றால் பாஸ்போர்ட், விசா பக்கம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, மூன்று மாதத்துக்குள் எடுத்த முகவரிச் சான்று. விசா முடியும் தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்று சொல்வார்கள். கடைசியில் சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று ஒரு கொட்டேஷன் தருவார்கள். அது ஐந்து வேலை நாளுக்குச் செல்லும். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்கு எடுத்து வந்து கூட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால் விளையாட்டுப் பெட்டிக்குக் கடன் வேண்டாம், லே-பை போதும்.

முகவரிச் சான்றில்தான் நான் மூன்று வாரம் இழந்தேன். அவுட்பில்டிங்கில் இருந்தால் கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் உங்கள் பெயரில் வராது. வழி இதுதான்: வீட்டுக்காரரின் நகராட்சி பில் நகல், அவருடைய அடையாள அட்டை நகல், இன்னார் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று அவர் கொடுக்கும் அஃபிடவிட். பக்கத்துக் காவல் நிலையத்தில் அதிகாரி முன்னால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் முத்திரை குத்தித் தருவார்கள், கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்குள் போங்கள். இந்த ஒரு தாள் சிம் பதிவு, வங்கி, ஃபைபர் எல்லாவற்றுக்கும் உதவும்.

பழைய பிசியைச் செகண்ட் ஹேண்ட் கடையில் விற்கப் போனாலும் பாஸ்போர்ட்டும் முகவரியும் கேட்பார்கள். அவர்கள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது சட்டம், சந்தேகப்பட வேண்டாம்.

6. கணக்கின் நாட்டைச் சரி செய்யுங்கள்

இந்தியாவில் தொடங்கிய பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டை மாற்ற முடியாது. நான் அதைத் தெரிந்துகொள்ளாமல், பழைய கணக்கோடு தென்னாப்பிரிக்க வவுச்சரை வாங்கிவிட்டேன். வவுச்சரும் கணக்கும் ஒரே நாடாக இருக்க வேண்டும், வாங்கிய வவுச்சரைத் திருப்பித் தரவும் முடியாது. புதிதாகத் தென்னாப்பிரிக்கக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பழைய கணக்கையும் அதே கன்சோலில் சேர்த்து வைத்தால் அதில் வாங்கிய ஆட்டங்களைப் புதுக் கணக்கிலும் ஆடலாம்.

எக்ஸ்பாக்ஸிலும், பிசி ஆட்டங்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமிலும் நாட்டை மாற்ற வழியுண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஸ்டீமில் உள்ளூர் அட்டையால் எதையாவது வாங்கினால்தான் நாடு மாறும். எக்ஸ்பாக்ஸ் கணக்கில் மிச்சப் பணம் இருந்தால் மாற்றும் முன் செலவழித்துவிடுங்கள்.

இன்னொன்று: இரட்டைச் சரிபார்ப்பு இந்திய எண்ணில் இருந்தால் அந்த சிம் காலாவதியாகும் முன் உள்ளூர் எண்ணுக்கு மாற்றுங்கள். எண் போனால் கணக்கும் போன மாதிரிதான். வங்கி ஆப்பில் ஆன்லைன் வாங்கலைத் திறந்து வைப்பதும் இதே நாளில் செய்ய வேண்டிய வேலை.

7. இணையம்

ரெட் டெட் 2 அளவுக்கு 150 ஜிபி இறக்க 10 எம்பிபிஎஸ் லைனில் முப்பத்து மூன்று மணி நேரம், 25-ல் பதிமூன்று மணி நேரம், 50-ல் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது லைன் முழு வேகத்தில் ஓடினால். வீட்டுக்காரரோடு வைஃபை பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் இரவில் போடுங்கள், முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மொபைல் டேட்டாவில் இதை நினைத்தே பார்க்காதீர்கள். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் இறங்கத்தான் செய்யும். ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டால் கரண்ட் போனாலும் லைன் அறுந்து போகாது.

8. முன்பதிவும் பணம் திரும்பப் பெறுவதும்

ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதினான்கு நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் அந்த வழி மூடிவிடும். ஆகவே முன்பதிவு செய்பவர்கள் தானாக இறங்கும் வசதியை அணைத்து வையுங்கள். 

9. பிசிக்காகக் காத்திருப்பவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ கணினி எப்படியும் வேண்டும், மோட் (ரசிகர்கள் ஆட்டத்தில் செய்யும் மாற்றங்கள்) போட்டு ஆடுவது பிடிக்கும், ஆன்லைன் சந்தா கட்ட மனசில்லை என்பவர்களுக்கு பிசிதான் சரி. ரெட் டெட் 2 கன்சோலில் இன்றும் நொடிக்கு 30 ஃபிரேம்தான். பிசியில் கார்டின் பலத்துக்கு ஏற்ப அதைத் தாண்டலாம். அந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பணத்தை வங்கியில் வைத்திருங்கள். பிசி பதிப்பின் தேவைப் பட்டியல் வந்த பிறகு பாகம் வாங்குங்கள். வெளியான முதல் வாரமும் பொறுங்கள். ரெட் டெட் 2 பிசியில் வந்தபோது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் லாஞ்சரே திறக்காமல் நிறையப் பேர் தவித்தார்கள். ஸ்டீமில் வாங்கினாலும் ராக்ஸ்டாரின் லாஞ்சரும் கணக்கும் வேண்டும், அதை முன்பே தொடங்கி வையுங்கள்.

10. நாள் கணக்கு

ஆகஸ்ட்டுக்குள் அஃபிடவிட், வங்கி, கணக்கு வேலைகளை முடியுங்கள். லே-பையும் அப்போதே தொடங்கினால் அக்டோபர் கடைசியில் பெட்டி கைக்கு வரும். தீபாவளி நவம்பர் 8. ஆட்டம் 19ஆம் தேதி, வியாழக்கிழமை. பிளாக் ஃப்ரைடே 27. எட்டு நாள் பொறுத்தால் பெட்டி விலை குறையுமே என்று தோன்றும். நான் பொறுக்க மாட்டேன். அந்த வாரத்தில் கடையில் இருப்பு தீர்ந்தால் டிசம்பர் விடுமுறை வரை கைக்கு வராது. மூன்று வாரம் முன்பே வாங்கி வேறு ஆட்டம் ஓட்டிப் பார்த்தால், பெட்டியில் கோளாறு இருந்தாலும் 19ஆம் தேதிக்குள் மாற்றிவிடலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிடிஏ 5-க்கு இங்கே 18 வயது மதிப்பீடு, இதுவும் பெரியவர்களுக்கான ஆட்டம்தான். கன்சோலைத் திறந்த முதல் நாளே பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, வயது வரம்பைப் போட்டு, உங்கள் கணக்குக்குப் பாஸ்கோடு வையுங்கள். இரண்டையும் செய்யப் பத்து நிமிடம் ஆகும்.

18ஆம் தேதி மாலை வேலை முடிந்து வரும்போது பிரீபெய்டு யூனிட் வாங்கிக்கொண்டு வாருங்கள். நள்ளிரவில் மீட்டர் சிவப்பு விளக்கு காட்டினால் வீட்டுக்கார மாமாவை எழுப்ப வேண்டியிருக்கும்.